அள்ளிக் கொடுத்தலும் அறிந்து கொடுத்தலும்

நமது சபைகளில் கொடுத்தல் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் பெரும்பாலும் இரண்டு கேள்விகளே கேட்கப்படுகின்றன. எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பது ஒன்று. எதற்குக் கொடுக்க வேண்டும் என்பது மற்றொன்று. பத்தில் ஒன்றா, இயன்ற அளவா? ஆலயக் கட்டட நிதிக்கா, ஊரிலுள்ள ஏழைக்கா? இவை தேவையான கேள்விகளே. ஆயினும் இவற்றுக்கு முன்னதாக வேறொரு கேள்வி இருக்கிறது. எந்த மனத்தோடு கொடுக்கிறோம்? கொடுத்த பின்னர் அந்தக் கொடை என்ன ஆகிறது என்பது பற்றியும் அந்த மனம் கவலைப்படுகிறதா?

இரக்கத்தோடு கொடுத்த பொருள் வீணாய்ப் போவதை நாம் கண்டிருக்கிறோம். கணக்காகக் கொடுத்த பொருள், வாங்கியவரின் மனத்தைப் புண்படுத்தியதையும் கண்டிருக்கிறோம். ஆகவே தாராளமும் வேண்டும், சிந்தனையும் வேண்டும். இவ்விரண்டும் ஒரே உள்ளத்திலிருந்து எவ்வாறு வர முடியும் என்பதற்குப் புதிய ஏற்பாட்டிலேயே விரிவான ஓர் எடுத்துக்காட்டு உண்டு. எருசலேமிலிருந்த வறிய விசுவாசிகளுக்காகப் பவுல் அப்போஸ்தலர் நடத்திய நிதி சேகரிப்பே அதுவாகும். அதை நமது கிராம வேலைகளின் வெளிச்சத்தில் இங்கே பார்ப்போம்.

எருசலேமுக்கான சேகரிப்பு

கிளவுதியு பேரரசன் கி.பி. 41 முதல் 54 வரை ஆண்டான். அவன் காலத்தில் யூதேயாவில் கொடிய பஞ்சம் உண்டாயிற்று. எருசலேம் மக்கள் பட்டினியால் மடிவதைக் கண்ட அதியாபேனே நாட்டு அரசி ஹெலேனா, எகிப்திலிருந்து தானியமும் சைப்பிரஸ் தீவிலிருந்து உலர்ந்த அத்திப்பழமும் வாங்கிப் பகிர்ந்தளித்ததாக யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு எழுதியுள்ளார். அந்தியோகியாச் சபையாரும் அவரவர் வசதிக்கேற்பப் பணம் சேர்த்து, பர்னபா, சவுல் ஆகியோரின் கையில் அனுப்பியதை அப்போஸ்தலர் நடபடிகள் 11ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம்.

பஞ்சம் தணிந்த பின்னரும் எருசலேம் சபையின் வறுமை நீங்கவில்லை. ஏழைகளை மறவாதிருக்குமாறு அங்கிருந்த மூப்பர்கள் பவுலைக் கேட்டுக்கொண்டனர். அவரும் அதை மனதில் வைத்து, கலாத்தியா, மக்கெதோனியா, அகாயா ஆகிய பகுதிகளிலிருந்த சபைகளில் பல ஆண்டுகளாக நிதி சேர்த்தார். கொடுத்தவர்களிற் பெரும்பாலானோர் யூதரல்லாதவர்கள். பெறவிருந்தவர்களோ யூதர்கள். ஒரே பந்தியில் அமர்ந்து உண்பதே பெரும் பிரச்சினையாக இருந்த காலம் அது. ஆகவே இச்சேகரிப்பு வெறும் நிவாரண வேலையாக இருக்கவில்லை. பிரிந்து நின்ற இரு சாராரை ஒரே குடும்பமாக்கும் முயற்சியாகவும் இருந்தது. இது குறித்து அவர் எழுதியவற்றுள் மிக விரிவானவை 2 கொரிந்தியர் 8ஆம், 9ஆம் அதிகாரங்கள்.

அவ்வதிகாரங்களில் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. பணத்தைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுதிய பவுல், பணம் என்ற சொல்லை அங்கே தவிர்க்கிறார். அதற்குப் பதிலாகக் கிருபை என்று பொருள்படும் 'காரிஸ்' என்ற கிரேக்கச் சொல்லைப் பலமுறை பயன்படுத்துகிறார். கடவுள் நமக்குக் காட்டிய தயவும், நாம் பிறருக்குக் கொடுப்பதும் அவருக்கு ஒரே சொல்தான். தாராளம் என்பதற்கு அவர் எடுத்தாளும் 'ஹப்லோதேஸ்' என்ற சொல்லின் அடிப்படைக் கருத்து கபடமின்மை, மடிப்பு இல்லாத நேரான மனம் என்பதாகும். அதாவது தாராளம் என்பது தொகையைக் குறிப்பதற்கு முன் மனத்தைக் குறிக்கிறது. உள்ளே வேறொரு நோக்கத்தை மறைத்து வைத்துக்கொண்டு ஒருவர் எவ்வளவு கொடுத்தாலும் அது இந்தச் சொல்லுக்குள் அடங்காது.

முதலில் தம்மைக் கொடுத்தவர்கள்

பிலிப்பி, தெசலோனிக்கே, பெரோயா ஆகிய ஊர்களின் சபைகளே மக்கெதோனியாச் சபைகள். அவர்கள் துன்பத்திலும் கடும் வறுமையிலும் இருந்தவர்கள். அவர்களிடம் கேட்பதற்குப் பவுலே தயங்கியிருக்க வேண்டும். ஆனால் அவர்கள் தாமாகவே முன்வந்து, இந்தப் பணியில் தங்களுக்கும் பங்கு வேண்டுமென்று வற்புறுத்திக் கேட்டார்கள். இதன் காரணத்தைப் பவுல் எளிமையாகச் சொல்கிறார்: அவர்கள் பொருளைக் கொடுப்பதற்கு முன்னே தங்களையே ஆண்டவருக்குக் கொடுத்திருந்தார்கள்.

இங்கே நமது கிராமங்களில் வேலை செய்வோர் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. "இவர்கள் ஏழைகள், இவர்களிடம் என்ன இருக்கிறது" என்று நாம் எளிதில் முடிவு செய்து விடுகிறோம். பெறுவதற்கு மட்டும் உரியவர்கள் என்று ஒரு கூட்டத்தாரை நாம் பிரித்து வைக்கும்போது, கொடுக்கும் மாண்பை அவர்களிடமிருந்து பறித்து விடுகிறோம். ஒரு கொட்டில் வீட்டுத் தாய் தன் முற்றத்து முருங்கைக்காயில் நான்கைப் பக்கத்து வீட்டு நோயாளிக்கு அனுப்புகிறாள். அது எந்தத் திட்ட அறிக்கையிலும் பதியப்படுவதில்லை. ஆனால் ஊர் உயிரோடிருப்பது இத்தகைய கொடுக்கல் வாங்கலால்தான்.

அதேவேளை, வறியவர்களின் தாராளத்தைச் சுரண்டும் ஆபத்தையும் மறந்துவிடலாகாது. ஏழை விதவை தன்னிடமிருந்த இரண்டு காசையும் காணிக்கைப் பெட்டியிற் போட்டதை இயேசு கவனித்துச் சொன்ன சம்பவம் மாற்கு 12இல் உள்ளது. காணிக்கை ஞாயிறுகளில் அதைக் குறித்துப் பிரசங்கிக்காத சபை இல்லை எனலாம். ஆனால் அதற்குச் சற்று முன்னுள்ள வசனங்களை நாம் சேர்த்து வாசிப்பதில்லை. நீண்ட செபம் செய்துகொண்டே விதவைகளின் வீடுகளை விழுங்குகிற வேதபாரகரை இயேசு அங்கே கண்டிக்கிறார். விதவையின் மனத்தை அவர் பாராட்டினார். விதவையை வெறுமையாக்கும் சமய அமைப்பை அவர் பாராட்டவில்லை. அவளுடைய கதையைச் சொல்லி அவளைப் போன்றவர்களிடமே மேலும் கேட்பவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

எவ்வளவு? எப்போது?

பவுல் தொகை எதையும் குறிப்பிடவில்லை. இது கட்டளை அல்ல என்றும் வெளிப்படையாகச் சொல்கிறார். ஒருவருக்கு இல்லாததைக் கொண்டல்ல, உள்ளதைக் கொண்டே கொடை மதிக்கப்படும் என்பது அவருடைய அளவுகோல். ஆயினும் ஒழுங்கு வேண்டாமென்று அவர் நினைக்கவில்லை. வாரத்தின் முதல் நாள்தோறும், அவரவர் வரவுக்கு ஏற்றபடி, வீட்டிலேயே ஒரு பங்கை எடுத்து வைக்குமாறு 1 கொரிந்தியர் 16இல் அறிவுறுத்துகிறார். தாம் வந்து சேர்ந்த பின்பு அவசரமாகப் பணம் திரட்டும் நிலை வரக்கூடாது என்பதே காரணம்.

இதன் நடைமுறை ஞானத்தைப் பாருங்கள். பேச்சாளர் ஒருவர் வந்து கண்ணீர் வரப் பேசினால் நமது கை பைக்குள் போகிறது. அவர் போன பின்பு, "வீட்டுக்கு என்ன செய்வது" என்ற யோசனை வருகிறது. மனவருத்தத்துடனோ கட்டாயத்தினாலோ அல்லாமல், முன்னரே தன் உள்ளத்தில் தீர்மானித்து மகிழ்ச்சியாய்க் கொடுக்க வேண்டும் என்று பவுல் சொல்வது இதனாலேயே. வாராவாரம் சிறிதாக எடுத்து வைப்பவருக்கு அந்த மகிழ்ச்சி கிடைக்கிறது. கொடை அவரிடமிருந்து பிடுங்கப்படுவதில்லை. முன்னரே புறம்பாக வைத்ததை அவர் எடுத்துக் கொடுக்கிறார்.

கொரிந்தியர் ஒரு வருடத்துக்கு முன்னரே ஆர்வத்தோடு தொடங்கி, இடையில் நின்றுபோனவர்கள். அவர்களை அவர் திட்டவில்லை. தொடங்கிய ஆர்வம் முடிப்பதிலும் காணப்பட வேண்டும் என்று நினைவூட்டுகிறார். நமது சங்கங்களில் முதற் கூட்டத்துக்கு நாற்பது பேரும் ஆறாம் கூட்டத்துக்கு எட்டுப் பேரும் வருவதை அறிந்தவர்களுக்கு இது புதிய செய்தியன்று.

விவசாயிக்கு விளங்கும் இன்னொரு கருத்தும் அங்கே இருக்கிறது. கடவுள் விதைக்கிறவருக்கு விதையையும் உண்பதற்கு உணவையும் தருகிறார் என்கிறார் பவுல். விதைநெல் வேறு, சோற்று நெல் வேறு. இரண்டும் ஒரே களத்திலிருந்து வந்தாலும் இரண்டையும் ஒரே மூட்டையில் வைப்பதில்லை. எல்லாவற்றையும் உண்டு விட்டால் அடுத்த போகம் இல்லை. அதுபோல, நமது கைக்கு வருவதில் ஒரு பகுதி நாம் உண்பதற்கு, ஒரு பகுதி பிறர் வாழ்வில் விதைப்பதற்கு. எது எது என்று பிரித்தறிவதே சிந்தித்துக் கொடுப்பதன் தொடக்கம். பிள்ளையின் கொப்பிக் காசையும் கிழவியின் மருந்துக் காசையும் கொண்டுபோய்க் காணிக்கையாக வைத்துவிட்டுப் பக்தி என்று சொல்வது விதைப்பு ஆகாது. தன் வீட்டாரைக் கவனியாதவரைப் பற்றி 1 தீமோத்தேயு 5 கடுமையாகவே பேசுகிறது.

சமநிலையே குறிக்கோள்

மற்றவர்கள் இலகுவாக வாழ்ந்து நீங்கள் துன்பப்பட வேண்டும் என்பது என் நோக்கமல்ல என்று பவுல் கொரிந்தியருக்குத் தெளிவாகச் சொல்கிறார். அவர் நாடியது சமநிலை. இன்று உங்கள் மிகுதி அவர்களுடைய குறைவை நிரப்பட்டும்; நாளை அவர்களுடைய மிகுதி உங்கள் குறைவை நிரப்பும். இதற்கு அவர் காட்டும் சான்று வனாந்தரத்து மன்னா. மிகுதியாகச் சேர்த்தவனுக்கு மீதியாகவில்லை. கொஞ்சமாகச் சேர்த்தவனுக்குக் குறையவுமில்லை. பதுக்கி வைத்த மன்னா மறுநாள் புழுத்துப் போயிற்று என்பதையும் யாத்திராகமம் 16 சொல்கிறது.

இந்தச் சமநிலைக் கருத்து மொய் எழுதுவதிலிருந்து வேறுபட்டது. நமது கொண்டாட்டங்களில் கொடுத்ததற்குக் கணக்கு உண்டு; திரும்பி வர வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் உண்டு. அதனால் ஒருவரையொருவர் தாங்கும் உறவு வளர்கிறது, உண்மைதான். ஆனால் திருப்பித் தர இயலாதவர் அந்த வட்டத்துக்கு வெளியே நின்றுவிடுகிறார். விருந்து வைக்கும்போது திரும்ப அழைக்க முடியாதவர்களை அழையுங்கள் என்று இயேசு லூக்கா 14இல் சொன்னது இந்த வட்டத்தைப் பெரிதாக்குவதற்கே.

இன்று கொடுப்பவர் நாளை பெறுபவராக மாறலாம் என்பதை நமது நாட்டு மக்களுக்கு விளக்கத் தேவையில்லை. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது, ஊருக்கு நெல் கொடுத்த விவசாயக் குடும்பங்கள் பலவும் தங்கள் விளைச்சல் வீழ்ந்ததைக் கண்டன. 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் ஏறத்தாழ 95 சதவீதத்தைத் தொட்டது. மாதச் சம்பளம் பெற்ற குடும்பங்களும் ஒரு வேளை உணவைக் குறைத்துக்கொண்டன. அக்காலத்தில் ஆலயங்களும் விகாரைகளும் தொண்டு அமைப்புகளும் பல இடங்களில் பொதுச் சமையல் செய்து உணவு வழங்கின. அவற்றில் உண்டவர்களுள் முன்னர் பிறருக்கு வழங்கியவர்களும் இருந்தார்கள்.

கணக்கும் காணிக்கையே

பவுல் நேர்மையானவர் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. அப்படியிருந்தும் இந்தப் பணத்தை அவர் தனியே கையாளவில்லை. தீத்துவையும், சபைகளால் தெரிவு செய்யப்பட்ட சகோதரர்களையும் உடன் சேர்த்துக்கொண்டார். கொரிந்தியர் தாமே அங்கீகரிக்கும் ஆட்களைக் கடிதத்துடன் எருசலேமுக்கு அனுப்பலாம் என்றார். இவ்வளவு பெரிய தொகை பற்றி ஒருவரும் குறைகூற இடம் வைக்கலாகாது என்பதும், கடவுளுக்கு முன்பாக மட்டுமன்றி மனிதருக்கு முன்பாகவும் காரியங்கள் ஒழுங்காயிருக்க வேண்டும் என்பதும் அவர் கூறிய காரணங்கள்.

"கடவுளுக்குத் தெரியும்" என்று சொல்லிக் கணக்கை மூடி வைக்கும் பழக்கம் நமது சபைகளிலும் சங்கங்களிலும் இல்லாமலில்லை. கடவுளுக்குத் தெரியும் என்பது உண்மையே. ஆனால் பவுலுக்கு அது மட்டும் போதவில்லை. பற்றுச்சீட்டும், வரவு செலவுப் புத்தகமும், பொதுக்கூட்டத்தில் வாசிக்கப்படும் கணக்கறிக்கையும் பக்திக்குக் குறைவான காரியங்களல்ல. ஒருவர் தம் வியர்வையில் ஒரு பங்கை நம் கையில் வைக்கிறார். அதற்குக் கணக்குச் சொல்வது அந்த வியர்வைக்குச் செய்யும் மரியாதை.

பங்கீட்டில் நேர்மை பற்றி அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரமும் நல்ல வழிகாட்டி. அன்றாட உணவுப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் கவனிக்கப்படாமல் விடப்பட்டனர் என்று முறுமுறுப்பு எழுந்தது. அப்போஸ்தலர்கள் முறையிட்டவர்களை அடக்கவில்லை. தெரிவு செய்யும் பொறுப்பைச் சபையாரிடமே விட்டார்கள். சபையார் தெரிந்துகொண்ட ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. அநீதி செய்யப்பட்டதாகச் சொன்ன பக்கத்தாரிடமே பங்கீட்டின் பொறுப்புப் போய்ச் சேர்ந்தது என்றுதான் இதிலிருந்து விளங்கிக்கொள்ள முடிகிறது. நிவாரணப் பட்டியல் தயாரிக்கும் குழுவில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பதை நாம் இந்த வெளிச்சத்தில் பார்த்தால் பல சச்சரவுகள் தீரும்.

பெறுபவரின் மானம்

ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 15ஆம் அதிகாரத்தில் பவுல் ஒரு பயத்தை வெளியிடுகிறார். தாம் கொண்டுபோகும் இந்த உதவியை எருசலேமிலுள்ளவர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டுமே என்று செபிக்கக் கேட்கிறார். கொடுப்பவருக்கு இப்படியொரு பயம் வருவது அரிது. கொடுத்தால் வாங்குவார்கள்தானே என்றே நினைக்கிறோம். ஆனால் வாங்குவதும் கடினமான செயல். நீட்டிய கைக்குப் பின்னால் ஒரு மானம் இருக்கிறது.

அதனால்தான் அவர் இதைப் பிச்சையாகப் பேசவில்லை. புறவினத்தார் எருசலேமின் ஆவிக்குரிய நன்மைகளில் பங்கு பெற்றவர்கள். ஆதலால் சரீரத்துக்கு உரியவற்றில் அவர்களுக்கு உதவக் கடமைப்பட்டவர்கள் என்கிறார். பெறுபவரிடம் நாம் ஏற்கெனவே பெற்றுக்கொண்டது ஏதோ உண்டு என்று உணர்ந்து கொடுக்கும்போது, மேலிருந்து கீழாகக் கொடுக்கும் மனப்பான்மை மறைகிறது. நாம் உண்ணும் அரிசியை விளைவித்தவரும், நாம் குடிக்கும் தேயிலைக் கொழுந்தைக் கிள்ளியவரும் நமக்குக் கடன்பட்டவர்களா, நாம் அவர்களுக்குக் கடன்பட்டவர்களா?

பழைய ஏற்பாட்டுச் சட்டமும் இந்த மானத்தைக் காத்தது. வயலின் ஓரங்களை முற்றாக அறுக்க வேண்டாம், சிந்திய கதிரைப் பொறுக்க வேண்டாம், மறந்துவிட்ட அரிக்கட்டுக்குத் திரும்பிப் போக வேண்டாம் என்று லேவியராகமம் 19உம் உபாகமம் 24உம் கூறுகின்றன. அவை ஏழைக்கும் விதவைக்கும் அந்நியருக்கும் உரியவை. நிலக்காரர் மூட்டை கட்டி வீட்டுக்கு அனுப்பவில்லை. தேவையுள்ளவர் தாமே வந்து, தம் கையால் பொறுக்கி, உழைத்த உணவாகக் கொண்டு போனார். ரூத் அவ்வாறே போவாசின் வயலிற் பொறுக்கினாள். அவளுக்கு வெட்கம் நேராதவாறு வேண்டுமென்றே சில கதிர்களை விட்டு வைக்கும்படி போவாஸ் வேலையாட்களுக்குச் சொன்னது, கொடுப்பதில் காட்டப்பட்ட நுட்பமான கரிசனை.

கடற்கோள் கற்பித்தவை

2004 டிசெம்பர் 26ஆம் திகதி கடற்கோள் நமது கரைகளைத் தாக்கியது. இலங்கையில் மட்டும் 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். உலகம் அள்ளிக் கொடுத்தது. பாதிக்கப்பட்ட நாடுகளுக்கென மொத்தமாகச் சேர்ந்த உதவி 1,300 கோடி அமெரிக்க டொலரைத் தாண்டியது. அவ்வளவு பெரிய இரக்கம் மனித வரலாற்றில் அபூர்வம். அதற்காக நாம் என்றும் நன்றியுள்ளவர்கள்.

ஆனால் அந்தத் தாராளத்தின் ஒரு பகுதி வழி தவறியது. வெப்பமான கரையோர முகாம்களுக்குக் குளிர்நாட்டு உடைகள் வந்து சேர்ந்தன. அணிய முடியாத பழந்துணிகள் வீதியோரங்களிற் குவிந்தன. இந்தோனேசியாவின் ஆச்சே பகுதிக்கு ஏறக்குறைய 4,000 தொன் மருந்துகள் அனுப்பப்பட்டன. அவற்றுட் பெரும்பகுதி அங்கு தேவைப்படாதவை. பல, உள்ளூர் வைத்தியர்களுக்கு விளங்காத மொழிகளில் எழுதப்பட்டவை. அவற்றை அழிப்பதே தனிச் செலவாயிற்று.

நமது மீனவர்களின் கதையும் பாடம் நிறைந்தது. நாட்டின் மீன்பிடிக் கலங்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு அழிந்தோ சேதமடைந்தோ போயின. வள்ளம் கொடுப்பது கண்ணுக்குத் தெரியும் உதவி; படம் எடுக்கலாம், பெயர் எழுதலாம். ஆகவே பல அமைப்புகள் வள்ளம் கொடுத்தன. சில இடங்களில் முன்னிருந்ததிலும் கூடுதலான சிறு வள்ளங்கள் சேர்ந்தன. வேறு இடங்களில் போதவில்லை. அவசரமாகக் கட்டப்பட்டவற்றுட் சில கடலுக்குப் பாதுகாப்பற்றவை என்று உணவு விவசாய நிறுவனமே எச்சரித்தது. வள்ளச் சொந்தக்காரருக்கு உதவி கிடைத்தபோது, கருவாடு போட்டுப் பிழைத்த பெண்ணும், வலை பொத்தும் முதியவரும், கூலிக்கு கடலுக்குப் போனவரும் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள்.

2006இல் வெளிவந்த கூட்டு மதிப்பீட்டு அறிக்கை முக்கியமான ஓர் உண்மையைச் சொன்னது. முதல் மணித்தியாலங்களிலும் முதல் நாட்களிலும் உயிர்களைக் காத்தவர்கள் பெரும்பாலும் அயலவர்களே. வெளியார் வருமுன் தேங்காயும் தண்ணீரும் பாயும் கொண்டு ஓடியவர்கள் உள்ளூர் மக்கள். அவர்களைக் கேட்காமல், அவர்களை ஓரங்கட்டி வேலை செய்தபோதுதான் கொடை வழி தவறியது.

இதிலிருந்து நாம் பெறுவது கொடுக்காதிருப்பதற்குச் சாட்டு அன்று. கேட்டுக் கொடுப்பதற்கான பாடம். உங்களுக்கு என்ன தேவை, எப்போது தேவை, உங்களிடம் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று கேட்பதற்கு ஒரு நாள் செலவாகும். கேட்காமல் கொடுத்தால் ஒரு வருடம் வீணாகும். பெரும்போகத்துக்கான விதைநெல் மழை பெய்து விதைப்பு முடிந்த பின்பு வந்தால், அது விதையல்ல, சோறு. வேலி அடைக்கக் கம்பியும், குழை வெட்ட இடமும் இல்லாத வீட்டுக்குக் கொடுக்கும் ஆடு, அயல் வீட்டுத் தோட்டத்தில் மேய்ந்து சண்டையைக் கொண்டுவரும். நல்லினப் பசுவைப் பெறுபவருக்கு நாள்தோறும் தீவனமும் தண்ணீரும் கொடுக்க வசதி வேண்டும். பால் கொண்டு போய்க் கொடுக்க இடம் வேண்டும். இவற்றைச் சிந்திப்பதும் அன்பின் வேலையே. தன் சொத்து முழுவதையும் கொடுத்தாலும் அன்பில்லாவிட்டால் பயனில்லை என்று பவுல் எழுதியதை அறிவோம். அன்பு, மற்றவரின் நிலைமையை அறிய நேரம் எடுக்கும்.

ஒரு பிடி அரிசி

பெரிய நிதியோடுதான் கொடுத்தல் தொடங்க வேண்டும் என்பதில்லை. வடகிழக்கு இந்தியாவின் மிசோரம் மலைநாட்டில் 1910ஆம் ஆண்டளவில் சபைப் பெண்கள் ஒரு பழக்கத்தைத் தொடங்கினர். சமைப்பதற்கு அரிசி எடுக்கும்போது ஒரு பிடியைத் தனிப் பாத்திரத்தில் போட்டு வைப்பார்கள். மிசோ மொழியில் அதற்குப் 'பூஃபாய் தாம்' என்று பெயர். சேர்ந்த அரிசியைச் சபை விற்றுப் பணமாக்கும். அக்காலத்தில் அந்த மக்களிடம் காசு அரிது, அரிசி இருந்தது. உள்ளதைக் கொண்டு தொடங்கினார்கள். ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும் அப்பழக்கம் நின்றுபோகவில்லை. மிசோரம் பிரஸ்பிற்றேரியன் சபைக்கு இன்று இதனால் வருடந்தோறும் கோடிக்கணக்கான இந்திய ரூபா கிடைக்கிறது.

பிடியரிசி நமக்கும் புதிதல்ல. ஆலயங்களிலும் கோயில்களிலும் இதை அறிந்த முதியோர் நம்மிடையே இருக்கிறார்கள். இதன் சிறப்பு, அளவில் இல்லை. ஒவ்வொரு உலையின் போதும், நமது வீட்டுக்கு அப்பால் வேறொரு வீடும் இருக்கிறது என்பதைக் கை நினைவுகூருகிறது. பிடியை அள்ளிப் போடுவதைப் பார்த்து வளரும் பிள்ளைக்குக் கொடுத்தலைப் பற்றித் தனிப் பாடம் தேவையில்லை.

நமது சபையில் செய்யக்கூடியவை

1. வீட்டில் ஒரு பாத்திரமோ உண்டியலோ வைத்து, வரவு வரும் நாளிலேயே ஒரு பங்கை எடுத்து வையுங்கள். பங்கின் அளவைக் குடும்பமாகக் கூடித் தீர்மானியுங்கள்.

2. சபையின் வருட வரவில் ஊரிலுள்ள தேவையுள்ளோருக்கு எவ்வளவு செல்கிறது என்பதைக் கணக்கறிக்கையில் தனி வரியாகக் காட்டுங்கள். அந்த ஊர் என்பதில் மற்றச் சமயத்தவரும் அடங்குவர்.

3. உதவி வழங்கும் குழுவில், உதவி பெறும் நிலையிலுள்ளோரிலிருந்து இருவரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.

4. கொடுப்பதற்கு முன் வீட்டுக்குச் சென்று கதையுங்கள். என்ன தேவை என்பதோடு, இவரால் என்ன செய்ய முடியும் என்பதையும் கேட்டறியுங்கள்.

5. வழங்கும்போது வரிசையில் நிறுத்துவதையும், பொதியை நீட்டிப் படம் எடுப்பதையும் தவிருங்கள். வலது கை செய்வதை இடது கை அறியாதிருக்கட்டும் என்பது இதற்கும் பொருந்தும்.

6. ஆறு மாதத்தின் பின் திரும்பிச் சென்று பாருங்கள். கொடுத்தது பயன்பட்டதா? இல்லையெனில் பெற்றவரைக் குறைகூறுவதற்கு முன் நாம் கொடுத்த முறையை ஆராயுங்கள்.

முடிவாக, பவுலின் சேகரிப்பு எப்படி முடிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பெரோயா, தெசலோனிக்கே, தெர்பை, ஆசியா ஆகிய இடங்களைச் சேர்ந்த சகோதரர்கள் அவரோடு பயணம் செய்தார்கள். ஆபத்து உண்டென்று வழிநெடுகப் பலரும் தடுத்தனர். அவர் போனார். எருசலேம் தேவாலயத்தில் அவர் பிடிக்கப்பட்டார். பின்னர் செசரியாவில் இரண்டு வருடம் காவலில் கிடந்தார். தம் மக்களுக்கு உதவிப்பணம் கொண்டு வந்ததாகத் தேசாதிபதியின் முன் ஒரே வசனத்தில் சொல்லிவிட்டு வேறு விடயத்துக்குப் போகிறார். அந்தப் பணத்துக்காகத் தாம் இழந்ததை அவர் கணக்கில் எழுதவில்லை. செல்வமுடையவராயிருந்தும் நமக்காக வறியவரான கிறிஸ்துவின் கிருபையை அறிந்தவர் அவர். அறிந்து கொடுக்கும் சிந்தனையும் அள்ளிக் கொடுக்கும் மனமும் அவருக்கு அந்த ஒரே இடத்திலிருந்து வந்தன. நமக்கும் அங்கிருந்தே வர வேண்டும்.

குழுவாகக் கலந்துரையாட

நமது ஊரில் வழங்கப்பட்ட உதவிகளுள் இன்றும் பயன்படுபவை எவை? பயனற்றுக் கிடப்பவை எவை? இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு என்ன?

நாம் ஒருவரிடம் உதவி பெற்றபோது நமது மனம் எப்படி இருந்தது? எந்த விதமான உதவி நம்மை நிமிர வைத்தது?

நமது சபையில் பெறுபவர்களாக மட்டுமே கருதப்படுவோர் யார்? அவர்கள் கொடுக்கக்கூடியது என்ன?